அம்பரில் வண்டு: ஒரு சொல்லும் இரு பொருளும்

சிறுபாணாற்றுப்படை போற்றும் எயிற்பட்டினத்தை இன்றைய மரக்காணம் என ஆய்வாளர் பலர் கொள்வர். கடலலை ஒதுக்கிய நறுமண மரத்தை விறகாக எரித்த நெய்தல் ஊர் அது. அப்பாடற்பகுதியை நடத்தி முடித்தபின், சென்ற கோடையில் மாணவர்களை மரக்காணம் உப்பளங்களுக்கு அழைத்துச் சென்றோம். பாத்திகளின் வரப்பில் நின்றவாறு, கடல்படு பொருள் ஐந்து எனப் பழைய உரைமரபு கூறும் ஓர்க்கோலை, சங்கு, பவளம், முத்து, உப்பு ஆகியவற்றை விளக்கினோம். ‘ஓர்க்கோலை என்பது அம்பர்’ என்று வழக்கம்போல் ஒரு சொல்லில் கடந்தோம்.

அப்போது ஒரு மாணவர், “ஐயா, அம்பருக்குள் ஐந்து கோடி ஆண்டு பழைய இலைவண்டு கிடைத்ததாகப் படித்தேன். திமிங்கலத்தின் வயிற்றுக்குள் வண்டு எப்படிப் போயிற்று?” என்று வினவினார். மற்றவர் நகைத்தனர். நாம் நகைக்கவில்லை. பிழை வினாவில் இல்லை. பல்லாண்டுகளாக நாம் நடத்திய பாடத்தில் இருந்தது.

தமிழில் அம்பர் என வழங்குவது அரபியின் ‘அன்பர்’ என்பதன் வழிவந்த சொல். ஸ்பெர்ம் வகைத் திமிங்கலத்தின் குடலில் விளைந்து கடலில் மிதந்துவரும் நறுமணப் பொருள் அது. ஆங்கிலத்தார் இதே சொல்லைக் கடன்பெற்று, காலப்போக்கில் தொன்மையான மரப்பிசினுக்கும் சூட்டிவிட்டனர். அம்மயக்கம் நம் அகராதிகளிலும் நாளிதழ்களிலும் புகுந்தது. அரபியரோ பாரசீகரோ இவ்வாறு மயங்கவில்லை. பிசினைக் கஹ்ரபா என்றனர். பாரசீகத்தில் இதற்கு ‘வைக்கோலைக் கவர்வது’ என்பது பொருள். துணியில் தேய்த்தால் சிறு துரும்பை இழுக்கும் இயல்பால் வந்த பெயர். மின்சாரத்தையே அரபியர் இன்று இப்பெயரால் வழங்குகின்றனர். நம் பெரியவர்கள் கைகளில் உருளும் கஹ்ரபா தஸ்பீஹ் மணிகள் இப்பிசினே அன்றித் திமிங்கலப் பொருள் அல்ல. இவ்வேறுபாடு சொல்லாராய்ச்சிக்கு மட்டும் உரியதன்று. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி திமிங்கல அம்பரை விற்பது குற்றம். கரையொதுங்கியதை எடுத்து விற்க முயன்று கைதானோர் பற்றிய செய்திகளைத் தமிழகக் கடலோர மக்கள் நன்கறிவர்.

இனி, அம்மாணவர் படித்த வண்டுக்கு வருவோம். குஜராத்தின் சூரத் மாவட்டத்தில் வஸ்தான், தட்கேஷ்வர் ஆகிய இடங்களிலுள்ள பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களில் ‘காம்பே அம்பர்’ எனப்படும் பிசின் கிடைக்கிறது. லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தைச் சேர்ந்த ஹுகம் சிங், ஜெர்மானியர் யெஸ் ருஸ்ட், அமெரிக்கர் டேவிட் கிரிமால்டி முதலானோர் ஏறத்தாழ 150 கிலோ பிசினை ஆராய்ந்து, 55 குடும்பங்களைச் சேர்ந்த 700க்கும் மேற்பட்ட கணுக்காலிகளை 2010இல் அறிவித்தனர். தனித்தீவாய் மிதந்துவந்த இந்திய நிலத்தில் எங்குமில்லா உயிர்கள் இருக்கும் என்பதே எதிர்பார்ப்பு. கிடைத்தவற்றுள் பலவோ பிற கண்டங்களின் பூச்சிகளுக்கு உறவினவாக இருந்தன. 2019இல் நாடெய்ன், பெர்கோவ்ஸ்கி என்னும் இருவர் இப்பிசினிலிருந்து புதிய இலைவண்டுகளை விவரித்து, வெப்பமண்டலத்தில் அறியப்பட்ட மிகப் பழைய இலைவண்டுகள் இவையே என்றனர்.

இலைவண்டு என்றதும் தீப்பெட்டியில் வைத்து வளர்த்த பொன்வண்டை நினைக்க வேண்டா. அது வேறு குடும்பம். நெற்பயிரைச் சுரண்டும் முள்வண்டும், பூசணி இலையைத் துளைக்கும் செவ்வண்டும் இலைவண்டுகளே. தெள்ளுப்பூச்சி போலப் பின்னங்கால் பருத்துத் தாவுவனவும் இவற்றுள் உண்டு.

புதிய இனத்தை விவரித்தல் என்பது சுவடிப் பதிப்பை ஒத்த பணி. உணர்கொம்பின் கணுக்கள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம், முன்மார்பின் ஓரம் வளைந்ததா நேரானதா, மேற்சிறகுகளின் குழிகள் வரிசைப்பட்டனவா கலைந்தனவா என ஒவ்வோர் உறுப்பையும் அளந்து, முன்னர் அறியப்பட்ட இனங்களோடு ஒப்பிட்டு வேறுபாட்டை நிறுவ வேண்டும். பாடபேதம் பார்த்த கண்ணுக்கு இது புரியும். பின்னரே பெயர். அப்பெயருக்குச் சான்றான ஒற்றை மாதிரி, எண்ணிட்டு ஒரு காப்பகத்தில் வைக்கப்படும். காம்பே பிசினுக்கு ஒரு தனிச்சிறப்பும் உண்டு. பால்டிக் கடற்பகுதியின் பிசின் கரையாது. இதுவோ தக்க கரைப்பானில் கரையும். எனவே பூச்சியை முழுதாக வெளியே எடுத்தே பார்க்கலாம்.

இப்பிசினைச் சுரந்தவை டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்கள். இக்குடும்பம் நமக்கு அயலன்று. மரக்கலங்களின் பலகை இடுக்குகளை அடைக்க நம் முன்னோர் எண்ணெயோடு சேர்த்துக் காய்ச்சிய குங்கிலியம் இதன் கொடையே. மரக்காணம் அமைந்த அதே மாவட்டத்தில், திருவக்கரைக் கல்மரப் பூங்காவிலும் இக்குடும்பத்து மரங்கள் கல்லாய்க் கிடக்கின்றன. சொன்னெரா என்னும் பிரெஞ்சு அறிஞர் 1781இல் குறித்த இடம் அது. மரங்களின் வயது ஏறத்தாழ இரண்டு கோடி ஆண்டு. பெருவெள்ளத்தில் உருண்டுவந்தமையால் அவற்றில் கிளையில்லை, பட்டையில்லை. மணற்சத்து ஊறி மரம் கல்லாயிற்று. பட்டையில் ஊர்ந்த வண்டுக்குச் சுவடில்லை. குஜராத்தில் பிசினும் வண்டும் எஞ்சின. இங்கோ மரம் எஞ்சிற்று. அந்த மரத்திலும் துண்டு பெயர்த்துத் தோட்டத்தில் வைக்க விரும்புவோர் இருக்கின்றனர் என்பதைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

எம் துறையில் இப்போது திமிங்கலப் பொருளுக்கு அம்பர் எனவும், மரத்தினதற்குத் தொல்பிசின் எனவும் எழுதுகிறோம். இதனினும் நல்ல சொல்லை எவரேனும் தரின் ஏற்போம்.

உப்பளத்து முதியவர் ஒருவர், முற்றிய உப்புநீரைக் குப்பியில் தந்திருந்தார். அம்மாணவர் தம் பாட்டனாரின் அறுந்த தஸ்பீஹிலிருந்து ஒரு மணியைக் கொணர்ந்தார். கண்ணாடி மணி ஒன்றையும் சேர்த்து அந்நீரில் இட்டோம். கண்ணாடி அமிழ்ந்தது. தொல்பிசின் உப்புநீரினும் எடை குறைந்ததாகலின், பாட்டனாரின் மணி மிதந்தது. அதை வெளிச்சத்தில் உயர்த்தி நெடுநேரம் நோக்கிய மாணவர், “உள்ளே வண்டு ஒன்றும் இல்லை, ஐயா” என்றார்.