வீட்டுக் கணிப்பொறியைக் கம்பியில்லா ரவுட்டராக அமைத்தல்

பள்ளி அலுவலகத்தில் இணைய இணைப்பு ஒன்றே. அதனை நாடும் கருவிகளோ பல. இந்நிலை நாட்டின் எப்பகுதியிலும் பணிபுரியும் ஊழியர்க்குப் பழக்கமானதே. கடையில் விற்கும் சிறிய ரவுட்டர் ஒன்றை வாங்கி வைத்தால் குறை தீர்ந்துவிடும். ஆயினும் அப்பெட்டிக்குள் நிகழ்வது யாது என்பதை, அதனை நாள்தோறும் பயன்படுத்துவோருள்ளும் சிலரே அறிவர்.

ரவுட்டரும் ஒரு கணிப்பொறியே. ஆகவே மூலையில் கிடக்கும் பழைய கணிப்பொறி ஒன்றைக் கொண்டு அதன் வேலைகளைச் செய்விக்க முடியும். விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கு அளிக்கப்பட்டுவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுற்றது. அதற்குப் பிந்திய பதிப்பை ஏற்கவியலாத பொறிகள் பல வீடுகளிலும் பள்ளிகளிலும் உள்ளன. அவை பழுதுபட்டவை அல்ல. லினக்ஸ் முறைமையை நிறுவினால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக் கூடியவை. அத்தகைய பொறி ஒன்றை ரவுட்டராக அமைக்கும் முறையையும், அமைப்பவர் ஏற்கும் பொறுப்பையும் இக்கட்டுரை விளக்கும்.

ரவுட்டரின் வேலைகள்

ரவுட்டரின் வேலைகளை நான்காகப் பிரிக்கலாம். முதலாவது, ரேடியோ அலையை எழுப்பிக் கருவிகளைத் தன்பால் சேர்த்துக்கொள்ளுதல். இரண்டாவது, சேர்ந்த ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் முகவரி வழங்குதல். மூன்றாவது, உள்ளிருந்து வரும் தகவல் பொட்டலங்களை முகவரி மாற்றி வெளியே அனுப்புதல். மறுமொழியை உரியவரிடம் சேர்த்தல். நான்காவது, வேண்டாதவை உள்ளே புகாமல் வாயிலைக் காத்தல். இந்நான்கினையும் தனித்தனியே அறிந்தவர்க்கு, அமைப்பதும் எளிது. பிழை நேர்ந்தவிடத்து அதனைக் காண்பதும் எளிது.

வேண்டிய கருவிகள்

64 பிட் செயலியும் 2 கிகாபைட் நினைவகமும் உள்ள மேசைக் கணிப்பொறி போதுமானது. அதில் இரண்டு வலையமைப்பு அட்டைகள் இருத்தல் வேண்டும். ஒன்று கம்பி அட்டை; இது இணைய நிறுவனத்தார் வைத்துள்ள பெட்டியுடன் ஈதர்நெட் கம்பியால் இணைக்கப்படும். மற்றது வைஃபை அட்டை. இது கருவிகளுக்கு உரியது.

வைஃபை அட்டைகள் யாவும் இப்பணிக்கு உதவா. பிறருடைய வலையமைப்பில் சேர மட்டுமே வல்லவை சில. தாமே வலையமைப்பின் மையமாக நிற்க வல்லவை சில. பின்னைய இயல்பினை 'அணுக்க முனை' நிலை என்பர். லினக்ஸில் உள்ள 'ஐ.டபிள்யூ.' என்னும் கருவிநிரல் அட்டையின் திறன்களைப் பட்டியலிட்டுக் காட்டும், அப்பட்டியலில் 'ஏ.பி.' என்ற குறி உண்டா என்று முதலில் பார்த்தல் வேண்டும். அக்குறி இல்லையெனில் எத்துணை முயன்றும் பயனில்லை. வேறு அட்டை தேட வேண்டியதே.

இணைய நிறுவனத்தார் வைத்த பெட்டியிலேயே வைஃபை இருத்தலும் கூடும். அவ்வாறாயின் நம் கணிப்பொறி அதற்கு உள்ளே இரண்டாவது ரவுட்டராக நிற்கும். இதனால் கெடுதலில்லை. மாணவரின் கருவிகளை அலுவலகக் கருவிகளிலிருந்து பிரித்து வைக்க இதுவே நல்ல வழியாகும்.

அலையை எழுப்புதல்

வைஃபைக்கு அடிப்படையான 802.11 என்னும் தரம் 1997ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண் பட்டையில், விதிக்கப்பட்ட திறன் வரம்புக்குட்பட்ட கருவிகளை உரிமமின்றி இயக்க 2005ஆம் ஆண்டில் வழி செய்யப்பட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இவ்விலக்கு 2018இல் விரிவாக்கப்பட்டது. நாடுதோறும் விதி வேறுபடுவதால், மென்பொருளில் நாட்டுக் குறியை இந்தியா என்றே அமைத்தல் வேண்டும்.

அலை எழுப்பும் வேலையை 'ஹோஸ்ட்ஏபிடி' என்னும் மென்பொருள் செய்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் அட்டையின் பெயர், வலையமைப்பின் பெயர், அலைவரிசை எண், நாட்டுக் குறி, கடவுச்சொல் ஆகியவற்றை எழுத வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் அடுத்தடுத்த அலைவரிசைகளின் மையங்கள் 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் உள்ளன. ஒவ்வொன்றும் பரவும் அகலமோ ஏறத்தாழ 20 மெகாஹெர்ட்ஸ். எனவே அண்டை எண்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து இடையூறு செய்யும். ஒன்றோடொன்று கலவாதவை 1, 6, 11 ஆகிய மூன்றுமே. அக்கம்பக்கத்தில் எது மிகுதியாக வழங்குகிறதென்று பார்த்து, எஞ்சியதைத் தேர்ந்துகொள்க.

இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர். இரும்பு பீரோ, தண்ணீர்த் தொட்டி, தடித்த கான்கிரீட் சுவர் ஆகியவை அதனைத் தடுக்கும். ஆகவே பொறியின் ஆன்டெனாவை மேசைக்கடியில் மறைத்து வையாமல், உயரமான திறந்த இடத்தில் வைத்தல் நன்று.

ஓர் எச்சரிக்கை: மேசைக் கணிப்பொறிக்கான லினக்ஸ் பதிப்புகளில் 'நெட்வொர்க் மேனேஜர்' என்னும் மென்பொருள் வைஃபை அட்டையைத் தானே ஆள முற்படும். ஓர் அட்டைக்கு இருவர் எசமானராக இருத்தல் ஆகாது. இவ்வட்டையைத் தொடாதிருக்குமாறு அதற்குக் கட்டளை எழுதிய பின்னரே ஹோஸ்ட்ஏபிடியை இயக்க வேண்டும். விரைவில் காரியம் முடிந்தால் போதும் என்போர், நெட்வொர்க் மேனேஜரின் இணைப்பைப் பகிரும் வசதியையே பயன்படுத்தலாம். அது எல்லா வேலையையும் தானே செய்துவிடும். கற்க விரும்புவோர்க்குப் பகுதி பகுதியாக அமைப்பதே சிறந்தது.

முகவரி வழங்குதல்

இணையத்தின் நான்காம் பதிப்பு முகவரி 32 பிட் அளவினது. ஆகையால் மொத்தம் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உண்டு. உலகப் பொதுக் கையிருப்பிலிருந்த தொகுதிகள் 2011 பிப்ரவரியில் தீர்ந்துபோயின. வீட்டுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் மட்டும் வழங்குவதற்கெனச் சில தொகுதிகள் 1996ஆம் ஆண்டிலேயே ஒதுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்கும் முகவரிகள் அவற்றுள் ஒரு வகை.

நம் கணிப்பொறியின் வைஃபை அட்டைக்கு 192.168.50.1 என்ற நிலையான முகவரியைக் கொடுப்போம். பின்னர் 'டிஎன்எஸ்மாஸ்க்' என்னும் மென்பொருளிடம், 192.168.50.50 முதல் 192.168.50.150 வரை உள்ள 101 முகவரிகளை, கேட்கும் கருவிகளுக்குப் 12 மணி நேரத் தவணையில் வழங்குமாறு ஒப்படைப்போம். புதிதாகச் சேரும் கருவி, முகவரி தருவார் உண்டோ என்று பொதுவில் வினவும். டிஎன்எஸ்மாஸ்க் ஒன்றைக் காட்டும். கருவி அதனை வேண்டும். இது உறுதி செய்யும். இந்நான்கு செய்திகளில் காரியம் முடிகிறது. இணையத் தளங்களின் பெயர்களுக்குரிய எண்களைக் கேட்டுச் சொல்லும் வேலையையும் இதே மென்பொருள் செய்யும்.

இங்கு இருவகைப் பிழைகளுக்கு இடமுண்டு. இக்கட்டுரையாளர் முதன்முறை அமைத்தபோது இரண்டினையும் ஒருங்கே செய்தார். கம்பிப் பக்கத்தில் வழங்கிய 192.168.1 என்ற தொகுதியையே வைஃபைப் பக்கத்திற்கும் வைத்தார். எந்த அட்டையில் முகவரி வழங்க வேண்டும் என்பதையும் டிஎன்எஸ்மாஸ்க்கிற்குக் குறிப்பிடவில்லை. மாலையில் யாவும் ஒழுங்காகவே தோன்றின. மறுநாட்காலை அலுவலகக் கணிப்பொறிகளுள் சில வழக்கமான பெட்டியிடமும், சில இப்புதிய பொறியிடமும் முகவரி பெற்றன. பின்னவை இணையத்தை எட்ட முடியாமல் நின்றன. அன்று அனுப்ப வேண்டியிருந்த அறிக்கை அனுப்பப்படவில்லை. காரணம் அறிய அரைநாள் ஆயிற்று. பொறியின் கம்பியைப் பிடுங்கியதும் குறை நீங்கியது. ஆகவே இரு பக்கங்களுக்கும் இரு வேறு தொகுதிகள் வேண்டும் என்பதையும், முகவரி வழங்கும் அட்டையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்பதையும் ஆசிரியர்கள் மறவாது வலியுறுத்துக.

கடத்துதலும் முகவரி மாற்றமும்

இரண்டு அட்டைகள் இருப்பதனாலேயே ஒரு கணிப்பொறி ரவுட்டர் ஆகிவிடாது. தனக்கெனக் குறிக்கப்படாத பொட்டலத்தை லினக்ஸ் இயல்பாகவே கைவிட்டுவிடும். அதனை மறுபக்கம் கடத்துமாறு செய்ய, கருவகத்தில் உள்ள 'ஐ.பி. ஃபார்வர்ட்' என்னும் அமைப்பைச் சுழியிலிருந்து ஒன்றாக மாற்றல் வேண்டும். நினைவகத்தில் மட்டும் மாற்றினால், மின்சாரம் ஒருமுறை நின்று வந்ததும் பழைய நிலை திரும்பிவிடும். அமைப்புக் கோப்பிலும் எழுதி வைத்தலே நிலையான வழி.

அடுத்தது முகவரி மாற்றம். இம்முறை 1994ஆம் ஆண்டில் முன்மொழியப்பட்டது. மாணவர் விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். விடுதிக்குள் அறை எண்கள் பல. தபால்காரர் அறிந்ததோ விடுதியின் ஒரே முகவரி. மாணவர் எழுதும் கடிதங்களிலெல்லாம் காப்பாளர் அனுப்புநர் முகவரியாக விடுதியின் முகவரியையே எழுதி, ஒரு குறியெண்ணும் இட்டு, அக்குறி எந்த அறைக்குரியது என்று பதிவேட்டில் குறித்துக்கொள்கிறார். மறுமொழி அக்குறியுடன் வந்ததும் பதிவேட்டைப் பார்த்து உரிய அறைக்கு அனுப்புகிறார். நம் கணிப்பொறியும் இவ்வாறே ஒவ்வொரு பொட்டலத்தின் அனுப்புநர் முகவரியை நீக்கித் தன் முகவரியை இடுகிறது; வாயில் எண் ஒன்றையும் குறித்துக்கொள்கிறது. 'என்எஃப்டேபிள்ஸ்' என்னும் தொகுதியில், கம்பி அட்டை வழியே வெளியேறும் பொட்டலங்களுக்கு 'மாஸ்க்கரேட்' என்னும் விதியை எழுதினால் இவ்வேலை நடைபெறும்.

வாயிற்காவலும் பொறுப்பும்

மேற்கூறிய மாற்றத்தால் விளையும் ஒன்றை நன்கு உணர்தல் வேண்டும். உள்ளே முப்பது பேர் இருப்பினும் வெளியுலகம் காண்பது ஒரே முகவரி. அவர்களுள் எவர் எதனைச் செய்யினும், அது அம்முகவரிக்கு உரியவர் பெயரிலேயே பதிவாகும்.

2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சற்று முன்னர், பொறுப்பேற்பதாகக் கூறிய மின்னஞ்சல் ஒன்று செய்தி நிறுவனங்களுக்கு வந்தது. அது சென்ற முகவரி நவி மும்பையில் இருந்த ஒரு வீட்டின் இணைப்பைச் சுட்டியது. அவ்வீட்டின் வைஃபையை அயலார் பயன்படுத்தினர் என்பது விசாரணையில் பின்னரே தெளிவாயிற்று. அதுவரை கேள்விகளெல்லாம் அவ்வீட்டாரை நோக்கியே எழுந்தன. கடவுச்சொல்லின்றி வலையமைப்பைத் திறந்து வைத்தல் தாராள குணம் என்று கருதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே பின்வருவனவற்றைக் கட்டாயமாகக் கொள்க.

1. 'டபிள்யூ.ஈ.பி.' என்னும் பழைய பூட்டு முறை 2001ஆம் ஆண்டிலேயே வலுவற்றதென நிறுவப்பட்டது, அதனை நாடற்க. 2004இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 2 முறையையோ, அட்டை இடங்கொடுப்பின் 2018இல் வந்த டபிள்யூ.பி.ஏ. 3 முறையையோ கொள்க.

2. டபிள்யூ.பி.ஏ. 2 முறையில் கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். பள்ளியின் பெயரும் ஆண்டும் சேர்ந்த சொல் எவரும் ஊகிக்கத் தக்கது. தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்தல் நினைவுக்கும் எளிது, காவலுக்கும் உறுதி.

3. வெளியிலிருந்து வரும் பொட்டலங்களுள், உள்ளிருந்து தொடங்கிய உரையாடலின் மறுமொழிகளை மட்டும் அனுமதித்து, ஏனையவற்றைத் தடுக்கும் விதியை என்எஃப்டேபிள்ஸில் எழுதுக. 128 பிட் முகவரி கொண்ட ஆறாம் பதிப்புக்கும் இவ்விதி செல்லுமாறு பார்த்துக்கொள்க.

4. லினக்ஸின் பாதுகாப்புத் திருத்தங்களைக் காலந்தவறாது ஏற்றுக. காவலன் உறங்கினால் கதவு இருந்தும் பயனில்லை.

பிழை காணும் முறை

இணையம் வரவில்லை என்ற ஒரே முறையீட்டுக்குக் காரணங்கள் பல. மடிக்கணினி ஒன்றைக் கொண்டு கீழ்க்கண்ட வரிசையில் சோதித்தால் பிழையின் இருப்பிடம் தானே புலப்படும்.

முதலில் வலையமைப்பின் பெயர் தெரிகிறதா என்று பார்க்க. தெரியவில்லையெனில் குறை ஹோஸ்ட்ஏபிடியில் அல்லது அட்டையில் உள்ளது. இரண்டாவதாக, கிடைத்த முகவரி 192.168.50 என்று தொடங்குகிறதா என்று பார்க்க. 169.254 என்று தொடங்குமாயின், முகவரி தருவார் இன்றிக் கருவி தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்பது பொருள், டிஎன்எஸ்மாஸ்க்கைக் கவனிக்க. மூன்றாவதாக, 'பிங்' கட்டளையால் 192.168.50.1ஐ அழைக்க. நான்காவதாக, 8.8.8.8 போன்ற வெளி முகவரியை அழைக்க. உள்முகவரி விடையளித்து இது அளிக்கவில்லையெனில் கடத்தும் அமைப்பையும் மாஸ்க்கரேட் விதியையும், பின்னர் வெளிக்கம்பியையும் பார்க்க. ஐந்தாவதாக, ஒரு தளத்தைப் பெயரால் அழைக்க. எண்ணுக்கு விடை வந்து பெயருக்கு வரவில்லையெனில், பெயரை எண்ணாக்கும் பணியில் மட்டுமே குறை உள்ளது.

ஆசிரியர்கள் இச்சோதனையை வகுப்பில் செய்து காட்டலாம். மாணவர் அறியாதவாறு ஒரு பகுதியை மட்டும் நிறுத்திவிட்டு, எந்தப் பகுதி நின்றது என்று கண்டுபிடிக்கச் சொல்வது நல்ல பயிற்சி.

செலவுக் கணக்கு

பழைய மேசைக் கணிப்பொறி 60 வாட் மின்திறன் கொள்ளும் எனக் கொண்டால், இரவும் பகலும் இயங்கும்போது 30 நாட்களில் 43 யூனிட் செலவாகும். 8 வாட் கொள்ளும் கடை ரவுட்டருக்கு அக்காலத்தில் 6 யூனிட்டுக்கும் குறைவே ஆகும். ஆகவே இடைவிடாத பயன்பாட்டுக்குக் கடைப்பெட்டியே சிக்கனமானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் நாளொன்றுக்கு 6 மணி நேரம், மாதத்தில் 25 நாட்கள் என்று பள்ளி வேளையில் மட்டும் இயக்கினால் 9 யூனிட்டே செலவாகும். கற்பிப்பதற்கும், கடைப்பெட்டி பழுதாகும் நாட்களுக்கும் இப்பொறி பெரிதும் உதவும்.

அமைத்து முடித்ததும் முகவரித் தொகுதி, அலைவரிசை எண், மாற்றிய கோப்புகளின் பெயர்கள், மாற்றிய நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி அலுவலகக் கோப்பில் சேர்த்து வைக்க. கடவுச்சொல்லை அத்தாளில் எழுதாமல், பொறுப்பாளர் ஒருவரிடம் தனியே ஒப்படைக்க. அமைத்தவர் வேறூருக்கு மாற்றப்பட்டாலும், பின்வருபவர் அத்தாளைக் கொண்டு வேலையைத் தொடர இயலும்.