சிறு கல்லூரியிற் புதுமாணாக்கன்

புதிய மாணாக்கரைச் சேர்த்துக்கொள்ளுங் காலத்திலே பெற்றோர் பலர் நம்போன்ற கல்லூரிகளுக்கு வருகின்றனர். பரீட்சைப் பெறுபேறு எவ்வாறுளது, விஞ்ஞானகூடம் உண்டா, விடுதிக் கட்டணம் எவ்வளவு என்பனவற்றை அதிபரிடம் உரக்கவே கேட்பர். எல்லாங் கேட்டு முடிந்து படலையடிக்கு வந்தபின், எதிர்ப்பட்ட ஆசிரியர் ஒருவரை அழைத்து, “சேர், இது சின்னப் பள்ளிக்கூடம்; எல்லாரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். எங்கட பிள்ளை இதுக்குள்ள ஒட்டுவானோ?” என்று தாழ்ந்த குரலிற் கேட்பர். முன்னைய வினாக்கள் அனைத்தினும் இவ்வினாவே பெரிதென்பது என் கருத்து. அதனைச் சிறிது ஆராய்வாம்.

பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்திலே, பாடங் கேட்கும் முறையைக் கூறுமிடத்து ஒரு கணக்கு வைக்கின்றார். ஆசிரியன் உரைத்ததைச் செவ்வையாகக் கேட்டுக்கொண்டவனுக்கும் புலமையிற் காற்பங்கே கிட்டும். உடன் கற்பாரோடு பயிலுதலால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைத்தலால் வரும். இச்சூத்திரங்களை ஆசிரிய கலாசாலையிலே நாம் நெட்டுருச் செய்தோம். ஆயினும் பங்குகளைக் கூட்டிப் பார்த்தவர் சிலரே. உடன் கற்பாரும் இருந்து கேட்பாருமின்றி முக்காற்பங்கு வாராது. ஆகவே தோழமை என்பது பாடம் முடிந்தபின் விளையாட்டிடத்திலே தேடிக்கொள்ளும் பொழுதுபோக்கு அன்று. ஒட்டாத பிள்ளை மனம் வருந்துகின்றான் என்று நாம் இரங்குகின்றோம். அவன் கல்வியில் முக்காற்பங்கை இழந்துகொண்டிருக்கின்றான் என்பதை எண்ணுவதில்லை.

பெரிய கல்லூரியிலே ஒரு வகுப்பு நாலைந்து பிரிவாக இருக்கும். ஒருவனோடு மனம் பொருந்தாவிடின் இன்னொருவனைத் தேடலாம். எவரோடும் பொருந்தாவிடிற் கூட்டத்துள் மறைந்துகொள்ளலாம். இருபது பேர் கொண்ட வகுப்பிலே இவ்விரண்டுக்கும் இடமில்லை. அவ்விருபதின்மரும் ஒரே முற்றத்து மண்ணை அளைந்தவர்கள். ஒரே கோயில் திருவிழாவிலே கச்சான் கொறித்தவர்கள். பாதிப்பேர் ஒருவருக்கொருவர் மச்சான் முறையினர். (நம் சிற்றூர்க் கல்லூரிகளை அறிந்தார்க்கு இது மிகைக் கூற்றாகத் தோன்றாது.) புதியவனுக்கு முதல் வாரத்திலே இடப்படும் பட்டப்பெயர், அவன் உயர்தரம் முடித்துப் போகும்வரை கூடவே வரும்.

ஆயினும் சிறுமைக்கு வேறொரு முகமும் உண்டு. கிரிக்கெற்றுக்குப் பதினொருவர் வேண்டும். இரண்டு வகுப்பைச் சேர்த்தாலும் ஆடத் தெரிந்தவர் போதார். எனவே மட்டை பிடித்தறியாதவனும் பதினோராவது ஆளாக இறங்கவேண்டியவனே. நவராத்திரிக்கு நாடகம் போட்டால் வாயில்காப்போனாய் நிற்பதற்கேனும் ஆள் தேவை. இங்கே ஒருவனை ஒதுக்கிவைத்துக் காரியம் நடத்துதல் எளிதன்று. ‘இவனையும் சேர்ப்போமா’ என்னும் யோசனைக்கு இடமின்றி, ‘நீயும் வா’ என்று தேவையே அவனை அழைத்துவிடுகின்றது. பெரிய இடத்திலே கிடைத்தற்கரிய பேறு இது.

சிறு குழுவொன்றிற் புகுந்த மாணாக்கர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 1855 இற் பிறந்த சாமிநாதையர், 1871 ஆம் ஆண்டிலே மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங் கேட்கச் சேர்ந்தார். அது கல்லூரியன்று, ஆசிரியர் ஒருவரைச் சூழ்ந்த சிறு மாணாக்கர் கூட்டம். வேங்கடராமன் என்னும் பெயரை ஆசிரியர் விரும்பாமையாற் சாமிநாதன் என்னும் வீட்டுப்பெயரே நிலைத்தது. கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் இசை பயிலத் தொடங்கியிருந்தவர், ஆசிரியருக்கு அதில் விருப்பமில்லை என்று கண்டு அதனையும் விட்டார். பெயரை விட்டமை பெரிதன்று. இசையை விட்டமை எனக்கு இன்றும் உறுத்துகின்றது. ஒட்டுவதற்காகப் பிள்ளை எதனைக் கொடுக்கலாம், எதனைக் கொடுக்கலாகாது என்பதை ஆசிரியரே எண்ணிப்பார்க்க வேண்டும். பிள்ளை எண்ணான், கேட்டதையெல்லாங் கொடுத்துவிடுவான்.

அக்கூட்டத்திலே சவேரிநாத பிள்ளை என்னும் கிறித்தவரும் இருந்தார். சைவ மடத்து ஆதீன வித்துவானுடைய மாணாக்கருள் ஒருவர் கிறித்தவர், ஒருவர் பிராமணர். உணவும் வேறு, வழிபாடும் வேறு. 1876 பெப்ரவரி முதலாந் தேதி ஆசிரியரின் உயிர் பிரிந்தபோது இருவரும் உடனிருந்தனர். சாமிநாதையர் திருவாசகம் வாசித்தார். ‘நம்மைப் போன்ற பிள்ளைகள் இங்கே உண்டா’ என்று கேட்கும் பெற்றோருக்கு இதனை நான் சொல்வதுண்டு.

இனி, என் கண்முன் நிகழ்ந்ததொன்று. பல்லாண்டுகளுக்கு முன் யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வேறொரு சிறு கல்லூரியிற் கற்பித்தேன். அதன் பெயர் இங்கு வேண்டா. 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின்னும் 1983 இன் பின்னும் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்கள் பல. அத்தகைய குடும்பமொன்றின் பிள்ளை, விடுதியிலே தங்கிப் படிக்க எட்டாம் வகுப்புக்கு வந்தான். ஒருநாள் வகுப்புக்குப் பிந்தி வந்தவனைக் காரணங் கேட்டேன். “அதிபர் சேர் கூப்பிட்டு என்னோட பேசிக்கிட்டு இருந்தாங்க சேர்” என்றான். வகுப்புச் சிரித்தது. யாழ்ப்பாணத்தார் வாயிலே ‘பேசினார்’ என்றால் ஏசினார் என்பதே பொருள்; உரையாடுதலைக் ‘கதைத்தல்’ என்போம். ஏச்சு வாங்கி வந்ததை இவன் மகிழ்ச்சியோடு சொல்லுகின்றானே என்று பிள்ளைகளுக்கு வேடிக்கை. நான் செய்தது யாது? ‘கதைத்துக்கொண்டிருந்தார் என்று சொல்லு’ என அவனைத் திருத்தினேன், சிரித்தவர்களைத் திருத்தவில்லை. நானும் சற்றுச் சிரித்தேன் என்பதை மறைத்தலாகாது.

அன்று தொடங்கி அவனுக்குப் ‘பேசிக்கிட்டு’ என்று பெயர். அவ்வாண்டிலே அவன் வகுப்பில் வாய் திறந்தது அரிது. தமிழ்த்தினப் போட்டிக்கு ஒரு கட்டுரை எழுதித் தந்தான், நன்றாயிருந்தது. மேடையிலே பேச வா என்றேன்; தலையை அசைத்துவிட்டுப் போனான். ஆண்டிறுதியிலே தகப்பனார் வந்து விடுகைப் பத்திரம் பெற்று அழைத்துச் சென்றார். காரணம் எழுதவேண்டிய இடத்திலே ‘குடும்ப வசதி’ என்று எழுதப்பட்டது.

அப்பர் சுவாமிகள் தில்லைப் பெரிய திருத்தாண்டகத்திலே, பாட்டுக்குப் பாட்டு, இறைவன் புகழைச் சொல்லுதலைப் ‘பேசுதல்’ என்னும் சொல்லாலேயே குறிக்கின்றார். தமிழாசிரியனாகிய நான் அதனை அறியாதவனல்லன். இவன் சொல் தேவாரத்திலே உள்ளது, நாம் அதற்கு ஏச்சுப் பொருள் கொள்வதே நம்மூர் வழக்கு என்று ஒரு வாக்கியம் சொல்லியிருப்பேனாயின், சிரிப்பு வேறு பக்கந் திரும்பியிருக்கும். அவனும் அதிற் கலந்திருப்பான். சிறு வகுப்பிலே ஆசிரியரின் ஒரு சிரிப்பு இருபது பேருக்கும் உத்தரவாகிவிடுகின்றது.

அதன்பின் என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். புதியவனைத் தனியே எழுப்பி ‘உன்னைப்பற்றிச் சொல்லு’ என்று கேட்பதில்லை. பழகியவர் இருபது பேரின் கண்முன் அது தண்டனை. முதல் வாரத்திலே இருவர் சேர்ந்து செய்யும் வேலை ஒன்று கொடுப்பேன்: நூலகப் புத்தகங்களுக்கு உறை போடுதல், வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பூ ஆய்தல் போல்வன. கை வேலையிலிருக்க வாய் தானே திறக்கும். துணைக்கு வகுப்பின் முதற்பிள்ளையைத் தெரிவதில்லை. அவனைச் சுற்றி முன்னமே ஆட்கள் நிறைந்திருப்பர். சென்ற ஆண்டு வந்து சேர்ந்து இன்னும் ஓரமாக இருப்பவன் எவனோ, அவனையே தெரிவேன். பின்னர் இடைவேளைகளிலே கவனிப்பேன். தண்ணீர்க் குழாயடியிலே நெடுநேரம் நிற்கும் பிள்ளை தாகத்தால் நிற்பவனல்லன்.

பழைய மாணவர்கள் கட்டிடத்துக்கும் பரிசிலுக்கும் கைகொடுத்து வருகின்றார்கள். கல்லூரி அதனை மறவாது. வசதியுள்ளவர்கள் மாதத்தில் ஒரு மாலை விடுதிக்கு வந்து, பணியாரத்தோடு சற்று நேரம் இருந்து பிள்ளைகளோடு கதைத்துப் போவார்களாயின், அதுவும் பெரிய உதவியே. தூரத்துப் பிள்ளைகளுக்கு ஊரிலே தெரிந்த முகம் ஒன்று உண்டாகும்.

படலையடியிலே கேட்கும் பெற்றோருக்கு முன்பெல்லாம் ‘யோசியாதேயுங்கோ, எல்லாம் பழகிவிடும்’ என்று சொல்லியனுப்புவேன். இப்போது அப்படிச் சொல்லுவதில்லை. மூன்று கிழமை கழித்து ஒருமுறை வாருங்கள், அதிபரைக் காண அன்று, இடைவேளை மணி அடிக்கும் நேரம் பார்த்து வாருங்கள் என்கின்றேன்.