நர்சிங் உதவியாளர் பயிற்சி: பீஸ் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

பத்தாவது, ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் மஞ்சள் நோட்டீஸ்கள் ஏறிவிடும். ‘ஆறே மாதத்தில் நர்ஸ் ஆகலாம்! நூறு சதவீத வேலை உத்தரவாதம்!’ போன வருடம் பக்கத்து வீட்டுப் பெண் அப்படியொரு நோட்டீஸைக் கொண்டுவந்து, “சிஸ்டரம்மா, இதுல சேரலாமா?” என்று கேட்டாள். அரசு மருத்துவமனை வார்டுகளில் முப்பது வருடத்துக்கு மேல் டூட்டி பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அவளைக் கூட்டிக்கொண்டு நான்கு இடங்களுக்குப் படியேறினேன். அதில் தெரிந்துகொண்டதும் வார்டில் பார்த்ததும் இங்கே.

1. ஆறு மாதத்தில் யாரும் நர்ஸ் ஆக முடியாது. ஏ.என்.எம். 2 வருடம், ஜி.என்.எம். 3 வருடம், பி.எஸ்சி. நர்சிங் 4 வருடம். இவற்றில் ஒன்றை முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்தவர்தான் நர்ஸ். உதவியாளர் பயிற்சிக்கு அந்தப் பதிவு கிடைக்காது. “எங்களிடம் முடித்தால் நேரே இரண்டாம் வருட நர்சிங்கில் சேரலாம்” என்று யாராவது சொன்னால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

2. வேலை என்னவென்று பெண்ணுக்கோ பையனுக்கோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். நோயாளியைக் குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, சாப்பாடு ஊட்டுவது, பெட் பேன் வைத்து எடுப்பது, டயப்பர் மாற்றுவது, வீல்சேரில் ஸ்கேனுக்குத் தள்ளிப்போவது, காய்ச்சல் ஏறினால் நர்ஸிடம் ஓடிப்போய்ச் சொல்வது. சொந்தத்தில் யாராவது படுக்கையில் இருந்தால், அவர்கள் வீட்டில் இரண்டு நாள் கூடமாட இருந்து பார்க்கட்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பி வந்தால் பீஸ் பணம் மிச்சம்.

3. “ஊசி போட, டிரிப்ஸ் ஏற்ற எல்லாம் கற்றுத் தருகிறோம்” என்பதுதான் பிள்ளைகளை இழுக்கும் தூண்டில். எனக்கோ அதுதான் முதல் அபாயச் சங்கு. ஊசியும் டிரிப்ஸும் நர்ஸின் வேலை. உதவியாளர் போட்டு ஏதாவது ஆகிவிட்டால், பழி முழுக்க அந்தப் பெண் தலையில் விழும். சான்றிதழ் கொடுத்தவர் போனையே எடுக்க மாட்டார்.

4. சான்றிதழைக் கொடுப்பது யார்? மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டங்களில் இந்த வேலைக்கு ‘ஜெனரல் டூட்டி அசிஸ்டென்ட்’ என்று பெயர். அதற்கான பாடத்தையும் தேர்வையும் வகுத்திருப்பது ஹெல்த்கேர் செக்டார் ஸ்கில் கவுன்சில். ‘அரசு அங்கீகாரம்’ என்று போர்டில் எழுத யாராலும் முடியும். எந்த அரசு, எந்தத் துறை, என்ன எண் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அறக்கட்டளைப் பதிவு எண்ணையோ சொசைட்டி பதிவு எண்ணையோ காட்டி அங்கீகாரம் என்று சொல்பவர்களும் உண்டு. அந்த எண் நிறுவனத்துக்கு, பாடத்துக்கு அல்ல.

5. காசு கட்டுவதற்கு முன், காசில்லாமல் கிடைக்கிறதா என்று பாருங்கள். 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவில் பயிற்சி இலவசம். கிராமத்து இளைஞர்களுக்கென்று 2014-ல் வந்த தீன்தயாள் உபாத்யாய திட்டமும் அப்படியே. கலெக்டர் ஆபீஸில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்தில், இப்போது எந்த பேட்ச் ஓடுகிறது என்று விசாரியுங்கள். தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகத்திலும் கேட்கலாம்.

6. பிராக்டிகல் ரூமைத் திறக்கச் சொல்லுங்கள். நாங்கள் முதலில் போன இடத்தில் வரவேற்பறையில் ஏ.சி., கண்ணாடிக் கதவு, சுவர் நிறைய மாலை போட்ட போட்டோக்கள். பிராக்டிகல் ரூம் சாவியைத் தேடவே கால் மணி நேரம் ஆனது. உள்ளே ஒரே ஒரு கட்டில். மெத்தையில் கடைக்காரர் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல் அப்படியே இருந்தது. பிபி மெஷினின் ரப்பர் பல்பை அமுக்கிப் பார்த்தேன், காற்று ஏறவில்லை. ஆறு பேட்ச் முடித்த இடமாம்!

நாலாவதாகப் போன இடத்தில் மாடிப்படி இருட்டு, பெயின்ட் உரிந்த சுவர். ஆனால் கட்டிலில் ஒரு பெண் நோயாளியாகப் படுத்திருக்க, இன்னும் இரண்டு பேர் அவளை ஒருபக்கமாகப் புரட்டி விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். மூலை மடிப்புச் சரியில்லை என்று டீச்சர், ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ், மூன்று முறை பிரிக்க வைத்தார். அந்த விரிப்பு துவைத்துத் துவைத்து நரைத்துப் போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண் அங்கேதான் சேர்ந்தாள்.

7. படிக்கிற பிள்ளை ஒருத்தியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். தானாகப் புரள முடியாமல் படுத்திருப்பவரை எத்தனை மணிக்கு ஒரு முறை புரட்ட வேண்டும்? சோப்புப் போட்டுக் கை கழுவ எவ்வளவு நேரம்? படுக்கைப் புண் வராமல் இருக்க 2 மணி நேரத்துக்கு ஒரு முறை என்பதும், 40 முதல் 60 விநாடி என்பதும் முதல் மாதத்துப் பாடம். பேந்தப் பேந்த விழித்தால் வகுப்பு நடக்கவில்லை என்று அர்த்தம்.

8. எந்த மருத்துவமனையில் பயிற்சி, எத்தனை வாரம், நைட் டூட்டி உண்டா, யார் மேற்பார்வை? பதிலை வாங்கிக்கொண்டு அந்த மருத்துவமனைக்கே போய் விசாரியுங்கள். மேனேஜரைவிட, வாசல் டீக்கடையில் நிற்கும் வார்டு ஆயாக்களிடம் உண்மை சீக்கிரம் வரும். சில இடங்களில் பயிற்சி என்ற பெயரில் ஆறு மாதமும் பில் கவுன்ட்டருக்கு பைல் தூக்கவிடுகிறார்கள்.

9. பீஸைத் தவணையாகக் கட்டுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ரசீது வாங்குங்கள். யூனிஃபார்ம், பரீட்சை, ஹாஸ்டல் எல்லாம் அதில் சேர்த்தியா, பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பது எழுத்தில் இருக்கட்டும்.

10. ஒரிஜினல் மார்க் ஷீட், டி.சி. எதையும் ஒப்படைக்காதீர்கள். சரிபார்க்கக் காட்டிவிட்டு ஜெராக்ஸ் மட்டும் கொடுங்கள். ஒரிஜினல் அவர்கள் பீரோவில் இருந்தால், பிடிக்காத இடத்திலிருந்து பிள்ளை வெளியே வர முடியாது.

11. வேலை உத்தரவாதம் என்றால், போன பேட்ச்சில் மூன்று பேரின் போன் நம்பர் கேளுங்கள். அவர்களிடம் சம்பளத்தோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா என்றும் கேளுங்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்கள். வீட்டோடு தங்கிப் பார்க்கும் 24 மணி நேர டூட்டிக்கு அனுப்புகிறார்கள் என்றால், தூங்க எத்தனை மணி நேரம், வார விடுப்பு உண்டா என்பதையும் விடாதீர்கள்.

12. ‘வெளிநாட்டு வேலை’ என்றால் இன்னும் உஷார். ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் உச்சவரம்பு. அமெரிக்காவில் இதே வேலைக்கு 1987-ம் வருடத்துச் சட்டப்படி குறைந்தது 75 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் உண்டு. அவை அந்தந்த மாகாணம் ஒப்புக்கொண்டவையாக இருக்க வேண்டும். இங்கே தரும் ‘இன்டர்நேஷனல் டிப்ளமோ’ சுவரில் மாட்டத்தான் ஆகும்.

13. வார்டுக்குள் கால் வைக்கும் முன் ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடுகிறார்களா என்று கேளுங்கள். இதை அவர்களே எடுத்துச் சொன்னால் நல்ல இடம். சொல்லாவிட்டாலும் நீங்கள் விட்டுவிடாதீர்கள். முதல் ஊசி போட்டு ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாவது மாதம் மூன்றாவது. அட்மிஷன் போட்ட வாரமே முதல் ஊசியைப் போட்டுவிடுங்கள்.