தென்னையில் செங்கண் பட்டாம்பூச்சி

தென்னங்கீற்றில் வெண்பஞ்சு படிந்ததுபோல் காணப்படின், அதனை மாவுப்பூச்சியென்று எண்ணி உடனே மருந்து தெளித்தல் தகாது. 'ஸ்கிப்பர்' என வழங்கும் தாவும் பட்டாம்பூச்சி இனத்ததாகிய 'கங்காரா திர்சிஸ்' என்பதன் புழுவாகவும் அது இருக்கலாம். பப்ரீஷியஸ் என்னும் அறிஞர் 1775-ல் இதற்குத் திர்சிஸ் என்று பெயரிட்டார். இந்தியாவிலும் இலங்கையிலும் தென்கிழக்காசியாவிலும் இஃது உண்டு.

மாவுப்பூச்சிகள் மிகச் சிறியவை; கூட்டமாய் ஒட்டிக்கிடக்கும். இப்புழுவோ கீற்றைக் குழல்போற் சுருட்டி அதனுள் வசிக்கும். உடலெங்கும் நீண்ட வெண்மெழுகு இழைகள் தொங்கும். தொட்டால் அவை உதிர்ந்து புழு வெளிப்படும்.

தாய்ப்பூச்சியைக் காண்பது அரிது. பகலில் நிழலில் ஒதுங்கியிருந்து அந்தி மயங்கும் வேளையில் பறக்கும். சிறகை விரித்தால் ஏறக்குறைய 3 அங்குலம். பருத்த உடல், சிவந்த கண்கள், நுனியில் கொக்கிபோல் வளைந்த உணர்கொம்புகள், பழுப்பு முன்சிறகில் ஒளி ஊடுருவும் பெரிய மஞ்சள் புள்ளிகள் ஆகியவை இதன் அடையாளங்களாம்.

சுருள்கள் சிலவே இருப்பின், காய் பறிக்க மரமேறுவோரைக் கொண்டு கிள்ளியெடுத்து நசுக்கினாற் போதும். மருந்துச் செலவு மிச்சமாகும். கீற்றுகள் தின்னப்பட்டு ஈர்க்குகளே மிஞ்சும் அளவுக்குச் சேதம் பரவினால், கிராம அதிகாரிகள் சுருள்களுடன் விவசாய இலாகாவினருக்குத் தெரிவித்து யோசனை பெறுதல் நலம்.