எழுதி வைத்த உழைப்புதான் கணக்கில் சேரும்
(பெருந்தொற்றுக் காலப் பணியாளர்கள் பற்றிய பாடம்)



குழுவில் யார் சந்தா கட்டினாலும் உடனே நோட்டில் எழுதி, பாஸ் புக்கிலும் பதிந்து விடுகிறோம். எழுதாமல் விட்டால் கட்டாத மாதிரிதான் என்பது நமக்கு நல்லாத் தெரியும். பணத்துக்கு இவ்வளவு கவனம் எடுக்கிற நாம், உயிரைப் பணயம் வைத்துச் செய்த வேலையை எங்கே எழுதி வைத்தோம்? இதுதான் இந்த மாதப் பாடம்.

முன்களப் பணியாளர் யார்?

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. நம்மையெல்லாம் வீட்டுக்குள் இருக்கச் சொன்னார்கள். சிலரை மட்டும் வெளியே போகச் சொன்னார்கள். கிராம சுகாதார செவிலியர், அங்கன்வாடி பணியாளர், ஊராட்சித் தூய்மைக் காவலர், மலைப்பகுதிகளில் ஆஷா பணியாளர் எனப் பலர். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நம்ம குழு உறுப்பினர்களும் இதில் உண்டு.

வீடு வீடாகப் போய்க் காய்ச்சல், இருமல் விசாரித்தார்கள். வெளியூரிலிருந்து வந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். அங்கன்வாடி மூடியிருந்தபோது சத்துமாவை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். குப்பை அள்ளும் வேலை ஒருநாளும் நிற்கவில்லை.

அவர்கள் பட்ட பாடு

பாதுகாப்பு: ஆரம்ப மாதங்களில் முகக்கவசமும் கையுறையும் போதவில்லை. ஒரே முகக்கவசத்தைத் துவைத்துத் துவைத்துப் போட்டவர்கள் உண்டு. மருத்துவமனைகளில் முழுக் கவச உடை போட்ட பெண்கள், கழற்ற முடியாது என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்தார்கள். மாதவிலக்கு நாட்களில் பட்ட சிரமத்தைச் சொல்லி முடியாது.

ஒதுக்கல்: நம்மைப் பார்க்க வந்தவரையே "நோயைக் கொண்டு வராதே" என்று வாசலில் நிறுத்தியவர்கள் இருந்தார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொன்னதும் நடந்தது. 2020 ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த ஒரு மருத்துவரை அடக்கம் செய்ய விடாமல் கல்லெறிந்தார்கள். அதே மாதம் 22-ம் தேதி மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. தொற்றுநோய்க் காலத்தில் சுகாதாரப் பணியாளரைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. பலத்த காயம் என்றால் 7 ஆண்டு வரை போகலாம். அந்த ஆண்டே இது சட்டமாகவும் ஆனது.

ஊதியம்: ஆஷா பணியாளர்களை அரசு "தொண்டர்" என்றே கணக்கில் வைத்திருக்கிறது. சம்பளம் இல்லை, ஊக்கத்தொகைதான். கொரோனா வேலைக்கு மத்திய அரசு கூடுதலாகத் தந்தது மாதம் 1,000 ரூபாய். 2020 ஆகஸ்டில் அவர்கள் பல மாநிலங்களில் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் இந்தியாவின் ஆஷாக்களுக்கு விருது கொடுத்தது. விருது பெருமைதான். ஆனால் விருதால் அடுப்பு எரியுமா?

காகிதம் ஏன் முக்கியம்?

2020 மார்ச்சில் மத்திய அரசு, கொரோனா பணியில் இறக்கும் சுகாதாரப் பணியாளர் குடும்பத்துக்கு 50 லட்சம் ரூபாய் காப்பீடு அறிவித்தது. ஆஷா பணியாளரும் அதில் இருந்தார்கள். நல்ல திட்டம். ஆனால் பணம் கேட்ட குடும்பம், இறந்தவர் அந்தப் பணியில் இருந்தார் என்று சான்று காட்ட வேண்டியிருந்தது. ஆஷா என்றால் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரின் சான்று தேவைப்பட்டது.

யோசித்துப் பாருங்கள். "நாளைக்கு அந்தத் தெருவுக்குப் போம்மா" என்று வாயால் சொல்லி அனுப்பிய வேலைக்கு யார் சான்று தருவார்? ஒப்பந்தக்காரர் பதிவேட்டில் பெயரே இல்லாத பெண்ணின் பிள்ளைகள் எந்த அலுவலகத்துக்குப் போவார்கள்? அவள் செய்த வேலையை ஊரே பார்த்தது. ஆனால் காகிதத்தில் இல்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. பொது வேலைக்குக் கூப்பிட்டால், எழுத்து மூலமான உத்தரவு கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.
2. வேலைக்குப் போகும் உறுப்பினர் ஒரு சின்ன நோட்டில் தேதி, இடம், நேரம், சொன்ன அதிகாரி பதவி ஆகியவற்றை எழுதட்டும். எழுதத் தெரியாதவருக்கு ஊக்குநர் உதவ வேண்டும்.
3. அடையாள அட்டை நகல், வங்கிக் கணக்கில் வாரிசு நியமனம் இரண்டையும் சரிபாருங்கள்.
4. கையுறை, முகக்கவசம், காலணி, கை கழுவ சோப்பு, பணியிடத்தில் கழிப்பறை ஆகியவற்றைக் கேட்டு கிராம சபையில் மனு கொடுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் சபை கூடும்.
5. தொற்றுக் காலத்தில் நம்ம வீட்டு முகக்கவசத்தை அப்படியே குப்பையில் போடாதீர்கள். வெட்டி, காகிதப் பையில் 72 மணி நேரம் தனியாக வைத்துப் பிறகு கொடுங்கள். அதை வெறும் கையால் எடுப்பவரும் ஒரு தாய்தான்.

கொரோனா அவசரநிலை முடிந்ததாக 2023 மே மாதம் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆனால் டெங்குவோ வேறு புதுக் காய்ச்சலோ வந்தால், முதலில் வாசலில் வந்து நிற்பவர் இவர்கள்தான். ஆபத்து இல்லாத நாளில்தான் நிதானமாகக் கேட்டு வாங்க முடியும்.

குழுக் கூட்டத்தில் பேசுவதற்கு:

* நம் குழுவில் கொரோனா காலத்தில் பொது வேலை செய்தவர் யார் யார்? அதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?
* நம்ம தெருவில் குப்பை எடுக்கும் அக்காவுக்கு இன்று கையுறை இருக்கிறதா?
* அடுத்த கிராம சபையில் மனுவைப் படிக்கப் போவது யார்?

பதிலைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது அந்த நோட்டையும் மறக்காமல் கொண்டு வாங்க.

- கள ஒருங்கிணைப்பாளர்