மூளைத் தமனி இறுக்கமும் நொதி மருத்துவச் சோதனையும்

முன்னுரை

கற்றதை மறப்பது மனித இயல்பு. பெற்ற மகனையே மறப்பது நோய். இவ்வேறுபாட்டை உணராது, "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என நம் இல்லங்களில் பலர் இருந்துவிடுகின்றனர். வேறு சிலரோ, மூளையின் அடைப்பைக் கரைக்கும் மருந்து உண்டென எவரேனும் கூறக் கேட்டு, சேமிப்பு முழுவதையும் செலவிடுகின்றனர். இவ்விரு நிலைகளுக்கும் இடையே அறிவியல் காட்டும் வழி யாது என நோக்குவோம்.

நோயின் தன்மை

இரத்தக் கொதிப்பு, நீரிழிவு, புகைப்பழக்கம், கொழுப்பு மிகுதி ஆகியவற்றால் தமனிகளின் சுவர் தடித்து இறுகுகிறது. இதனால் நேரும் மூளை நலிவை ஜெர்மனியில் பணியாற்றிய ஓட்டோ பின்ஸ்வாங்கர், அலோயிஸ் ஆல்சைமர் ஆகிய மருத்துவர்கள் 1894ஆம் ஆண்டளவில் விவரித்தனர். அதன்பின் நெடுங்காலம், முதுமையில் தோன்றும் அறிவுத் தேய்வு பெரும்பாலும் தமனி இறுக்கத்தின்மீதே ஏற்றிக் கூறப்பட்டது. 1974இல் விளாடிமிர் ஹாசின்ஸ்கியும் அவர்தம் குழுவினரும் இக்கருத்தைத் திருத்தினர். குழாய் குறுகி மூளை மெல்லப் பட்டினி கிடப்பதன்று, பல அடைப்புகளால் மூளைத் திசு ஆங்காங்கே மடிவதே காரணம் என்றனர். சிறு தமனிகள் நலிந்து மெல்ல வளரும் வகையும் உண்டு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அடைப்புகளால் வரும் வகையில் நோயாளி ஒருமுறை சரிவார், சில திங்கள் நிலைத்திருப்பார், மீண்டும் சரிவார்.

நொதியின் செயல்

உடலின் வேதி மாற்றங்களை விரைவுபடுத்தும் பொருளே நொதி. இரத்தக் கட்டியைப் பிணைத்து வைப்பது ஃபைப்ரின் என்னும் இழை. அவ்விழையை அறுப்பது பிளாஸ்மின் என்னும் நொதி. அதனைச் செயற்படத் தூண்டும் மற்றொரு நொதியே மருந்தாகப் பயன்படுகிறது. அமெரிக்காவில் 624 பேரிடம் நடத்தப்பெற்று 1995இல் வெளிவந்த சோதனையில், பக்கவாதம் தொடங்கிய 3 மணி நேரத்துக்குள் இம்மருந்தைப் பெற்றோரிடம் உடல் இயலாமை குறைந்திருந்தது. ஆயினும் மூளைக்குள் இரத்தக் கசிவு அவர்களுள் 6.4 விழுக்காட்டினருக்கும், போலி மருந்து பெற்றோருள் 0.6 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. புதிய கட்டியைக் கரைக்கும் இந்நொதி, இறுகிய சுவரை இளக்குவதில்லை; மடிந்த உயிரணுவை எழுப்புவதுமில்லை.

சோதனையின் இன்றியமையாமை

நோய் தானே சில திங்கள் நிலைத்திருக்கும்போது மருந்து கொடுத்தால், புகழ் மருந்துக்குச் சேரும். இம்மயக்கத்தை நீக்க ஒப்பீடு வேண்டும். மூளைக்காய்ச்சல் அறிகுறி கண்டோருள் ஒரு சாராருக்குக் குருதி வடித்தும், மறு சாராரை வேண்டுமென்றே விடுத்தும் ஒப்பிட்டதாக அறிஞர் அல்ராஸி எழுதியுள்ளார். விலங்கிடம் கண்ட பயன் மனிதரிடமும் அமையும் எனக் கொள்ளலாகாது என்று இப்னு சீனா வரையறுத்தார். இன்றைய முறையில் நோயாளிகளைக் குலுக்கல் போல இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மருந்தும் மறுபிரிவுக்கு அதே தோற்றமுடைய போலி மருந்தும் தருவர். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியாது. நினைவை அளக்கும் மருத்துவருக்கும் தெரியாது.

ஒரு சோதனையின் வெற்றியும் போதாது. மலேயக் குழிவிரியனின் நஞ்சிலிருந்து பெறும் ஆன்க்ரோட் என்னும் நொதி, பக்கவாதத்தில் பயன் தருவதாக 500 பேரிடம் நடந்து 2000இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. 1,222 பேரிடம் நடந்து 2006இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வில் அப்பயன் காணப்படவில்லை.

அறிவு மங்கியவர் தாமே இசைவு தர இயலாதவர். அவர் பொருட்டு ஒப்பமிடும் பிள்ளைகள் ஓர் அமானிதத்தைச் சுமக்கின்றனர். "இம்மருந்து எங்கு, எத்தனை பேரிடம், எதனோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது?" எனக் கேட்பது அவர்தம் உரிமை மட்டுமன்று, கடமையும் ஆகும்.

முடிவுரை

தமனி இறுக்கத்தால் வந்த அறிவுத் தேய்வை மீட்பதாக எந்த நொதி மருந்தும் இன்றளவும் நிறுவப்படவில்லை. ஆனால் தடுப்புக்கு வழி உண்டு. 9,361 பேரிடம் நடந்து 2019இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், மேல்நிலை இரத்த அழுத்தத்தை 140க்குக் கீழே வைத்தோரைவிட 120க்குக் கீழே வைக்க மருத்துவம் பெற்றோரிடம் நோயின் முன்னிலையாகிய இலேசான அறிவுத் தேய்வு குறைந்தது. முற்றிய நோய் குறைந்தது என உறுதியாகக் கூற அவ்வாய்வு போதவில்லை. எனவே நடுவயதிலேயே இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அளந்து, மருத்துவர் சொற்படி காப்போம், புகையை விலக்குவோம். முதுமையுற்ற பெற்றோரிடம் சலிப்பும் காட்டலாகாது எனத் திருமறை பணிக்கிறது. நம் பெயரையே அவர்கள் மறந்த நாளிலும் அப்பணிப்பை நாம் மறவாதிருப்போமாக.