அரபு காத்த ஆசிரியர்

மண்ணை இழந்த மக்கள் அதனை மீண்டும் பெறுதல் கூடும். மொழியை இழந்தோரோ, தாம் இன்னார் என்பதையே மறந்தொழிவர். இவ்வுண்மையை அல்ஜீரிய நாட்டு வரலாறு நமக்கு நன்கு விளக்குகின்றது.

அல்ஜீரியா ஆப்பிரிக்காவின் வடபால் உள்ளது. அங்கு வாழ்வோருள் பெரும்பாலோர் அரபு பேசுவோர். பெர்பர் மொழி பேசுவோரும் பலர். அரபு, செப்பமான இலக்கணமும் வளமான இலக்கியமும் உடையது. கணிதம், மருத்துவம், வானநூல் முதலிய கலைகள் ஒருகாலத்தில் அம்மொழியில் தழைத்தோங்கின. இயற்கணிதத்திற்கு மேலைநாட்டார் வழங்கும் பெயரும் அரபுச் சொல்லினின்று பிறந்ததே.

1830-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் படை அல்ஜியர்ஸ் நகரைக் கைப்பற்றியது. பள்ளிவாசல்களுக்குரிய அறச்சொத்துக்கள் அரசின் கைக்கு மாறின. அவற்றின் வருவாயால் நடந்த பள்ளிகள் நலிந்தன. கல்விக்கும் ஆட்சிக்கும் பிரெஞ்சே உரியதாயிற்று. தாய்மொழியில் எழுதப் படிக்க அறியாதவராய் மக்கள் வளர்ந்தனர்.

இந்நிலை கண்டு வருந்தினார் கான்ஸ்டன்டைன் நகரத்து அறிஞர் அப்துல் ஹமீது பின் பாதிஸ். செல்வக் குடியிற் பிறந்த அவர், பள்ளிவாசலில் அமர்ந்து சிறுவர்க்கும் பெரியோர்க்கும் அரபு கற்பித்தார். 1931-இல் அறிஞர் பலர் கூடி நிறுவிய சங்கத்திற்கு அவரே தலைவரானார். மக்கள் ஈந்த பொருளால் ஊர்கள் பலவற்றில் அரபுப் பள்ளிகள் எழுந்தன; சிறுமியரும் கல்வி பெற்றனர். ஒப்புதலின்றிப் பள்ளி நடத்துவோரைத் தண்டிக்கும் ஆணையை 1938-இல் அரசு பிறப்பித்தது. ஆசிரியர் சிலர் சிறை புகுந்தனர். ஆயினும் கற்பித்தல் ஓயவில்லை. படைக்கலம் ஏந்தாப் போர் அன்றோ அது!

பின் பாதிஸ் 1940-இல் மறைந்தார். 1962-இல் நாடு விடுதலை பெற்றது. மறு ஆண்டே அரபு ஆட்சிமொழியாயிற்று. எனினும் அதனைக் கற்பிக்க ஆசிரியர் போதவில்லை. எகிப்து, சிரியா முதலிய நாடுகளினின்று அவர்களை வரவழைக்க நேர்ந்தது. ஒரு தலைமுறை இழந்ததை மறுதலைமுறை அரிதின் முயன்றே ஈட்டுதல் வேண்டும்.

பிறிதொன்றும் ஈண்டு எண்ணத் தக்கது. விடுதலைக்குப் பின்னும் பெர்பர் மொழி நெடுங்காலம் உரிய இடம் பெறவில்லை. 2016-இல்தான் அதுவும் ஆட்சிமொழியாயிற்று. தம் மொழியைப் பேணுவோர் பிறர் மொழியையும் மதித்தல் கடன்.

பின் பாதிஸ் மறைந்த ஏப்ரல் 16-ஆம் நாளை அல்ஜீரியர் 'அறிவு நாள்' எனக் கொண்டாடுகின்றனர். மாணவர்களே, போர் வென்ற வீரர்க்கு விழா எடுத்தல் எங்கும் உண்டு. மொழி கற்பித்த ஆசிரியர் ஒருவர்க்கு ஒரு நாடே விழா எடுக்கின்றதெனின், அவர் ஆற்றிய பணியின் அருமையை என்னென்பது!